தேயும் மூட்டும் மறைக்கப்படும் கணக்கும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் செயற்கை இடுப்பு மூட்டு. கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுகிற மேடையில் இடுப்பு மூட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஷிப்டு முழுவதும் ரிங் பிரேம்களுக்கு இடையே நடக்கும் தோழனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடும் தாய்க்கும் இடுப்பு போனால் வேலை போயிற்று. வேலை போனால் கூலி போயிற்று. அதற்கு மேல் இந்த விஷயத்துக்கு வேறு சிபாரிசு தேவையில்லை.

இடுப்பு மூட்டு பணக்காரக் கிழவர்களின் வியாதி என்று எண்ணிவிடக்கூடாது. வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்கள் உண்டு. எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, அது உள்ளேயே இற்றுப்போனவர்கள் உண்டு. முடக்குவாதத்தால் மூட்டு இறுகியவர்கள் உண்டு. நம் நாட்டில் இவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். அவர்களை மறுபடி நடக்க வைப்பது மூட்டு மாற்று ஆபரேஷன். இது நல்ல ஆபரேஷன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளிநாடுகளில் பல வருஷமாக வைத்துவரும் பதிவேடுகளைத் திரட்டி 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி பத்து மூட்டுகளில் ஏறத்தாழ ஆறு, 25 வருஷம் கழித்தும் மாற்றப்படாமல் வேலை செய்கின்றன. ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று யாரையும் பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. உடம்புக்குள் வைக்கும் அந்தப் பொருள் எப்படித் தேய்கிறது, தேய்ந்தால் என்ன ஆகிறது, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே நோக்கம்.

மூட்டு என்பது என்ன?

வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஒரு குழி. குழிக்குள் சுழலும் குழவி. இடுப்பும் இப்படித்தான். இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம்; அதற்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை. இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான குருத்தெலும்பும் மசகு போன்ற ஒரு நீரும் உண்டு. ஆபரேஷனில் கெட்டுப்போன தலையை வெட்டி எடுத்துவிட்டு, உலோகத் தண்டு ஒன்றைத் தொடை எலும்புக்குள் இறக்குகிறார்கள். தண்டின் நுனியில் உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன உருண்டை. இடுப்பெலும்பில் ஒரு புதுக் கிண்ணம்.

இதன் மேல் விழும் பாரம் எவ்வளவு? நடக்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடம்பின் எடையைப் போல இரண்டரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை பாரம் விழுகிறது. 60 கிலோ எடையுள்ள ஆள் ஓர் அடி வைத்தால், 75 கிலோ நெல் மூட்டை இரண்டை அந்தச் சிறு உருண்டையின் மேல் வைத்த மாதிரி. சாதாரணமாக நடமாடுகிறவர் ஒரு வருஷத்தில் ஒவ்வொரு காலுக்கும் சுமார் பத்து லட்சம் அடி வைக்கிறார். ஆலைத் தொழிலாளியின் கணக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். இந்த யந்திரத்துக்கு விடுமுறை இல்லை. திறந்து எண்ணெய் விடவும் முடியாது. தேயாமல் இருக்குமா? எந்த மூட்டும் தேயும். கேள்வி அதுவல்ல. எவ்வளவு வேகமாகத் தேய்கிறது, தேய்ந்த தூள் எங்கே போகிறது என்பதே கேள்வி.

தறிச் சாமான் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த மூட்டின் சரித்திரத்தில் ஆலைத் தோழர்களுக்கு ஓர் இடம் உண்டு. லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. துணி நெய்து உலகெங்கும் விற்ற அந்த இங்கிலாந்துப் பிரதேசத்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஜான் சார்ன்லி என்ற எலும்பு வைத்தியர், 1950-களின் பிற்பகுதியில் டெப்லான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கால் கிண்ணம் செய்து வைத்துப் பார்த்தார். சுமார் 300 மூட்டுகள் வைத்தார். முதலில் நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் டெப்லான் தேய்ந்து தூளாகி, அந்தத் தூளைச் சுற்றிக் கட்டி கட்டியாகச் சதை வளர்ந்தது, மூட்டு ஆடிப்போயிற்று. வைத்ததில் பெரும்பாலானவற்றை மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று.

1962 மே மாதம் ஒரு விற்பனை ஏஜெண்ட் அந்த ஆஸ்பத்திரியின் பட்டறைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்றுவந்தவர் அவர். அவர் கையில் இருந்தது ஒருவகைக் கெட்டியான பாலிதீன். பட்டறையில் வேலை பார்த்தவர் ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்ப ஊழியர். டாக்டர் அந்தப் பொருளை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, இதில் நேரத்தை வீணாக்காதே என்றார். கிரேவன் விடவில்லை. டாக்டர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் அதைத் தாம் செய்த தேய்ப்பு யந்திரத்தில் பூட்டி ஓட்டினார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியது. டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது தேயவில்லை. திரும்பி வந்த டாக்டரும் கண்டதை ஒப்புக்கொண்டார். 1962 நவம்பரில் பாலிதீன் கிண்ணம் முதன்முதலாக நோயாளிக்கு வைக்கப்பட்டது. பல் செட் கட்டும் வைத்தியர்கள் உபயோகித்த அக்ரிலிக்கே எலும்போடு மூட்டைப் பிணைக்கும் சிமென்டாக உதவியது. இன்று உலகமெங்கும் வைக்கப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாதை.

தறியில் நின்று அடி தாங்கிய பொருள், மனிதன் இடுப்பிலும் நின்றது. அதைக் கண்டுபிடித்தது பட்டறை ஊழியரின் பிடிவாதம்.

இன்னும் சில விஷயங்களைச் சொல்லவேண்டும். சார்ன்லி டெப்லான் தூளையும் பாலிதீன் தூளையும் தமது தொடையிலேயே ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். டெப்லான் போட்ட இடத்தில் கட்டி பெருத்தது. பாலிதீன் போட்ட இடத்தில் அப்படிப் பெருக்கவில்லை. இறந்த பிறகு மூட்டைப் பரிசோதனைக்குத் தரவேண்டும் என்று நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டார், பலர் சம்மதித்தார்கள். தம்மிடம் வந்து பயிற்சி பெறாத வைத்தியருக்கு அந்த மூட்டை விற்கக் கூடாது என்று பல வருஷம் கம்பெனியைத் தடுத்து வைத்திருந்தார். ஆரம்பத்தில் தோற்ற மனிதர், தோல்வியை மறைக்காமல் கணக்கெடுத்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு நேர்மாறான ஒரு கதை வரப்போகிறது.

தேய்மானம் எத்தனை வகை?

யந்திரத்தோடு பழகிய உங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல.

முதல் வகை, இரண்டு பரப்புகளும் நேருக்கு நேர் உராய்வது. புது ஆட்டுக்கல்லில் முதலில் ஆட்டிய மாவைக் கல்மண் இருக்கும் என்று நம் பெண்கள் கொட்டிவிடுவார்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டிலும் ஆரம்ப காலத்தில் தூள் அதிகம். பரப்புகள் ஒன்றுக்கொன்று படிந்தபின் குறையும். ஆனால் உடம்புக்குள் விழுந்த தூளைக் கொட்டிவிட முடியாது. பழைய பாலிதீன் கிண்ணம் வருஷத்துக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தது. சிறிது என்று தோன்றும். அந்தத் தூளின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்மையானவை. ஓர் அடிக்கு லட்சக்கணக்கில் உதிர்பவை.

இரண்டாவது வகை, நடுவில் மூன்றாவது பொருள் புகுவது. வண்டி அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே மணல் விழுந்தால் என்ன ஆகும்? சிமென்ட் பொடியோ எலும்புச் சில்லோ உலோகத் துணுக்கோ மூட்டுக்குள் புகுந்தால், வழுவழுப்பான உருண்டையில் கீறல் விழுகிறது. கீறலின் இரு கரையும் மேடாக எழும்புகிறது. அந்த மேடு கலப்பைக் கொழுவைப் போலப் பாலிதீனை ஒவ்வோர் அடிக்கும் உழுதுகொண்டே போகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கீறல் கிண்ணத்தின் ஆயுளைக் குறைத்துவிடும்.

மூன்றாவது வகை, விளிம்பில் பாரம் விழுவது. கிண்ணம் சரியான சாய்வில் பொருத்தப்படாமல் செங்குத்தாக நின்றால், உருண்டை நடுவில் உட்காராமல் விளிம்பில் உட்காருகிறது. மசகு நீர் அங்கே நிற்காது. உலோகம் உலோகத்தை வழித்து எடுக்கும்.

நான்காவது வகை நமது பழக்கவழக்கத்தோடு சம்பந்தப்பட்டது. குத்தவைத்து உட்காரும்போதும் சம்மணமிடும்போதும் தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கக்கூடும். இடித்த இடம் நசுங்கும். சில சமயம் உருண்டையே கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். ஆகையால்தான் வைத்தியர்கள் குத்தவைக்காதே என்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது சுலபம். களை பறிக்கும் பெண் என்ன செய்வாள்? அவள் வேலையை மாற்றிக் கொடுப்பது யார் பொறுப்பு? இது வைத்தியர் மட்டும் பதில் சொல்லவேண்டிய கேள்வியல்ல.

ஐந்தாவது, உருண்டை தண்டில் செருகப்படும் கழுத்தில் ஏற்படும் அரிப்பு. இறுக்கமாகப் பொருத்தியிருந்தாலும் ஒவ்வோர் அடிக்கும் அங்கே மயிரிழை அசைவு உண்டு. உடம்பின் நீரில் உப்பு உண்டு. அசைவும் உப்பும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும்.

இவற்றைக் குறைக்க விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 1970-இல் பிரான்ஸில் பியேர் பூட்டான் என்ற வைத்தியர் பீங்கான் மூட்டைக் கொண்டுவந்தார். பீங்கான் மிகக் குறைவாகவே தேயும், ஆனால் உடையக்கூடும். 1990-களின் கடைசியில் கதிர்வீச்சால் உள்ளிணைப்பைப் பலப்படுத்திய புதுப் பாலிதீன் வந்தது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. விஞ்ஞானம் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

தூள் செய்யும் வேலை

கிண்ணம் மெலிவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை தூள். கல் உடைக்கும் தோழர்களின் நுரையீரலில் கல்தூசி சேர்ந்தால் என்ன நடக்கிறது? உடம்பின் காவல் அணுக்கள் தூசியை விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் தாமே அழிந்து, சுற்றியுள்ள சதையையும் கெடுக்கின்றன. மூட்டிலும் இதே கதை. காவல் அணுக்கள் பாலிதீன் தூளை விழுங்குகின்றன, ஜீரணிக்க முடியவில்லை. அவை எழுப்பும் அபாயக் குரலைக் கேட்டு, எலும்பைக் கரைக்கும் அணுக்கள் வேலையைத் துவக்கிவிடுகின்றன. மூட்டைத் தாங்கவேண்டிய எலும்பு கரைகிறது. மூட்டு ஆட ஆரம்பிக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியது, எலும்பு கரையும்போது பல வருஷம் வலியே இருக்காது என்பது. வலி வரும்போது காலம் கடந்திருக்கும். எலும்பு குறைந்தபின் செய்யும் இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கஷ்டமானது, செலவும் அதிகம். வலி இல்லாவிட்டாலும் வைத்தியர் சொன்ன காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான்.

உலோகத் தூள் வேறு விதத்தில் கெடுக்கும். கோபால்ட்டும் குரோமியமும் மூட்டைச் சுற்றியுள்ள சதையை அழுகச் செய்து கட்டியாக்கும், ரத்தத்திலும் கலக்கும். ரத்தத்தில் கோபால்ட் மிக அதிகமாக ஏறிய சிலருக்கு இருதயம், கண், காது, நரம்பு பாதிக்கப்பட்டதுண்டு.

லாபம் கணக்கை மறைத்த கதை

இப்போது அந்த நேர்மாறான கதைக்கு வருகிறோம்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்த டிப்யூ கம்பெனி 2003 முதல் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டை விற்றது. உலோக உருண்டை, உலோகக் கிண்ணம். கிண்ணம் ஆழமில்லாதது. ஆழமில்லாத கிண்ணம் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் பாரம் விளிம்பில் விழும் என்று சற்று முன்பு பார்த்தோம். அப்படியே நடந்தது. ஆஸ்திரேலியாவில் வைக்கப்படும் மூட்டுகளுக்கெல்லாம் ஒரு தேசியப் பதிவேடு உண்டு. இந்த மூட்டு மற்றவற்றைவிட அதிகமாகக் கெடுகிறது என்று அந்தப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2009-இல் அந்த நாட்டில் விற்பனை நின்றது. மற்ற நாடுகளில் நிற்கவில்லை. 2010 ஆகஸ்ட் மாதம்தான் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேர் உடம்பில் அது ஏறிவிட்டது. ஐந்து வருஷத்துக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் கெட்டுவிடும் என்று 2011-இல் கம்பெனியே தனக்குள் மதிப்பிட்டிருந்தது. 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் நடந்த வழக்கில்தான் அது வெளியே வந்தது. அதே வருஷம் அமெரிக்க நோயாளிகள் சுமார் 8,000 பேருக்காக 250 கோடி டாலர் தருவதாக நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

நம் நாட்டில்? சுமார் 4,700 ஆபரேஷன்களில் அந்த மூட்டு வைக்கப்பட்டது. திரும்பப் பெற்று ஆறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2017-இல் மத்திய சர்க்கார் ஒரு நிபுணர் கமிட்டி அமைத்தது. 3,600-க்கு மேற்பட்ட நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பது கமிட்டி கண்ட விஷயங்களில் ஒன்று. யோசித்துப் பாருங்கள், தோழர்களே! கெட்டுப்போன மூட்டு இடுப்பில் இருக்கிறது, வலிக்கிறது, எந்தக் கம்பெனியின் மூட்டு என்று அவருக்குத் தெரியாது, திரும்பப் பெறப்பட்டது என்று அவரிடம் சொல்வாருமில்லை. 2018-இல் சர்க்கார் நஷ்டஈட்டை 30 லட்சம் முதல் 1 கோடியே 23 லட்சம் ரூபாய் வரை என்று கணக்கிட்டது. நிறுவனம் அதை எதிர்த்து டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2019-இல் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தருவதாகச் சொல்லிற்று. 4,700 எங்கே, 67 எங்கே!

உலோகம் தேய்ந்தது இயற்கை விதி. தேய்கிறது என்று தெரிந்தும் விற்றது இயற்கை விதியா? ஆஸ்திரேலிய நோயாளியைக் காப்பாற்றியது அவனுடைய பணமல்ல. அங்கே இருந்த பதிவேடு. ஸ்வீடனில் 1979 முதலும், இங்கிலாந்தில் 2003 முதலும் இத்தகைய பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டும் யாருக்கு, எப்போது வைக்கப்பட்டது, எப்போது கெட்டது என்று எழுதினால், எது தரமானது, எது தரங்கெட்டது என்று சில வருஷங்களில் தானே தெரிந்துவிடும். பதிவேடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு நோயாளியும் தனி ஆள். தன் மூட்டு கெட்டது தன் தலைவிதி என்று நினைத்துக்கொண்டு வீட்டில் கிடப்பான். ஆயிரம் பேருக்கு ஒரே மூட்டு கெட்டது என்று தெரிந்தால் அது தலைவிதியல்ல, வழக்கு.

நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, நம் குடும்பத்தில் யாருக்கு மூட்டு வைத்தாலும், அந்த மூட்டின் பெட்டியில் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயர், மூட்டின் பெயர், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பத்திரி தரும் டிஸ்சார்ஜ் காகிதத்திலும் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள். ரேஷன் கார்டைக் காப்பது போல அதைக் காப்பாற்றுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக வைத்தாலும் இந்த உரிமை உண்டு. இலவசம் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, வலி இல்லை என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். நடையில் புது நொண்டல், இடுப்பிலோ தொடையிலோ வீக்கம், மூட்டில் கிறீச்சென்ற சத்தம் எது வந்தாலும் உடனே காட்டுங்கள். காய்ச்சலோடு வலி வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு வைத்தவர்கள் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கும் பரிசோதனை பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

மூன்றாவது, கெட்ட மூட்டை வெளியே எடுத்தால் அதைக் குப்பையில் போட விடாதீர்கள். அதன் மேலுள்ள கீறலும் தேய்மானமும் சாட்சியங்கள். அதைப் பரிசோதிக்கவும், முடிவை நோயாளிக்குச் சொல்லவும் வேண்டும். மருத்துவக் கருவிகளால் நேரும் கெடுதல்களைப் பதிவு செய்ய 2015-இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் துவக்கியது. அந்தப் பதிவில் நமது வழக்குகளும் ஏறவேண்டும். வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் எழுதச் சொல்லுவோம்.

நான்காவது, தனி ஆளாகக் கேட்டால் கிடைக்காததைச் சங்கமாகக் கேட்போம். வைக்கப்படும் ஒவ்வொரு மூட்டும் கட்டாயமாகப் பதிவாகவேண்டும். பதிவின் முடிவுகள் வருஷந்தோறும் ஜனங்கள் பார்வைக்கு வரவேண்டும். கெட்ட மூட்டை மாற்றும் செலவும், அந்தக் காலத்துக் கூலி நஷ்டமும் விற்றவன் தலையில் விழவேண்டும். மூட்டு வைத்துக்கொண்டு திரும்பும் தொழிலாளிக்குக் குத்தவைக்காமலும் பாரம் தூக்காமலும் செய்யக்கூடிய வேலை, அதே கூலியில் தரப்படவேண்டும்.

ஆலையில் ஒரு பேரிங் தேய்ந்தால் அதன் எண், மாற்றிய தேதி எல்லாம் பராமரிப்புப் புத்தகத்தில் ஏறுகிறது. யந்திரம் நின்றால் முதலாளிக்கு நஷ்டம்; ஆகவே அந்தக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. அந்த யந்திரத்தை ஓட்டுகிறவனின் இடுப்பில் உள்ள பேரிங்குக்கும் அதே கணக்கு வேண்டும் என்று கேட்கிறோம். இது பெரிய கோரிக்கை அல்ல. ஆனால் கேட்காமல் கிடைக்காது. இந்த வாரமே உங்கள் ஊரில், உங்கள் ஷெட்டில், மூட்டு வைத்தவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். அவர்களிடம் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நாலு பேராகக் கூடப் போய்க் கேட்டு வாங்கி வாருங்கள்.